மணிக்கு எண்பது வெள்ளி

"ஒரே ஒரு சின்ன மாற்றம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுங்கை பஞ்சாங்கில் நெல் அறுக்கும் இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒருவருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மொத்தமாக இவ்வளவு என்று விலை பேசி ஒப்புக்கொண்ட வேலை. அந்த மனிதர் தினமும் காலையில் கூப்பிடுவார். "தங்கச்சி, ஒரே ஒரு சின்ன மாத்தம்லா!" பச்சையாக இருக்கும் பொத்தானை நீலமாக்கச் சொல்வார். நீலமாக்கினால் அவருடைய மனைவிக்குப் பிடிக்காது. மூன்று வாரத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று மாதம் இழுத்தது. காசு மட்டும் பேசினபடி அதே காசு. அந்த நேரத்துக்கு பாசாரில் மீன் கழுவப் போயிருந்தால் அதைவிட நன்றாகச் சம்பாதித்திருப்பேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் மொத்த விலை என்ற பேச்சே கிடையாது. எத்தனை மணி நேரம் உழைக்கிறேனோ அத்தனை மணி நேரத்துக்கும் காசு. அப்புறம் பச்சையோ நீலமோ, பாட்டுப் பாடிக்கொண்டே மாற்றித் தருவேன்.

என் பெயர் துளசி. மலேசியாவில், கோல சிலாங்கூரில் வீட்டில் இருந்துகொண்டே மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள். என் புருஷன் செல்வா, பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அதனால் எங்களுக்குள் வாங்க போங்க எல்லாம் கிடையாது. கல்யாணமாகி முதல் நான்கு வருஷம் எனக்கு வேலை கோலாலம்பூரில். தினமும் போய் வந்தால் நெரிசலிலேயே நரை தட்டிவிடும் என்று அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரை எடுத்தால் அடுத்த வார இறுதியில்தான் வீடு. அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக் குளிர்சாதன இயந்திரம் சூடான காற்றை முகத்தில் ஊதும். சம்பளம் நல்ல சம்பளம்தான். ஆனால் புருஷனை வீடியோவில் பார்த்துக்கொண்டே மெகி மீ நூடுல்ஸ் தின்பதற்கா கல்யாணம் கட்டினேன்? ஒரு நாள் பொறுக்க முடியாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் சுங்கை பஞ்சாங் அனுபவம். சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் பழைய மேலாளர் அமண்டா கூப்பிட்டார். "உன் எடம் காலியா இருக்கு துளசி. மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு. ஆனா ஆபிசுக்கு டெய்லி வரணும், அதுல மாத்தம் இல்ல" என்றார். அடுத்து வருகிற வேலை ஒழுங்காகக் காசு கொடுத்தால் நான் வீட்டில். கொடுக்காவிட்டால் மறுபடியும் அந்த அறை, அந்தக் கட்டில், அந்தச் சூடான காற்று.

அடுத்த வேலையைக் கொண்டுவந்தவர் நாகமணி. ஐஸ் லோரி ஓட்டுகிறவர். எல்லாருக்கும் அவர் மணி அண்ணன். ஜெராமிலிருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் அவருக்குத் தெரியாத சமையலறை கிடையாது. அவருடைய மகளின் கைப்பேசியை நான் ஒரு முறை சரிசெய்து கொடுத்ததிலிருந்து, என்னைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் என்னை ஜெராமில் மவுரீன் அக்காவிடம் அழைத்துப் போனார்.

மவுரீன் அக்கா விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவர். கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம், எதுவானாலும் சரி, அந்த வட்டாரத்தில் அவருடைய ஆட்டுக்கறிப் பிரட்டல் இல்லாமல் நடக்காது. அவருக்கு ஒரே ஒரு கஷ்டம். கை மசாலாவில் இருக்கும்போது போன் அடிக்கும். எடுக்க முடியாது. அடித்தவர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். போன் பேசாமல், பார்க்கிறவர்களே பட்டியலைப் பார்த்து, எத்தனை பேருக்கு என்று தட்டி, முன்பணத்தையும் கட்டிவிடுகிற மாதிரி ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்றார். நான் உற்சாகத்தில் ஆங்கிலத்தில் அளக்க ஆரம்பித்தேன். அக்கா கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

"அடியே, தமிழ்ல பேசும்மா. நீ இங்கிலீசுல பேசப் பேச பில்லு ஏறிக்கிட்டே போற மாதிரி இருக்கு."

மணி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. சரி, இனி இந்த அக்காவிடம் சுத்தத் தமிழ்தான் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். வந்த வினை அதுதான். வேறு யாராக இருந்தாலும் 'ஒரு ஹவருக்கு இவ்வளவு' என்றுதான் சொல்லியிருப்பேன். மறுநாள் அக்கா விலை கேட்டுக் குரல்செய்தி அனுப்பியபோது, தமிழ்ப் பற்று பொங்கி வழிய, ரிங்கிட்டைக்கூட வெள்ளியாக்கி இப்படிப் பதில் சொன்னேன்: "அக்கா, மணிக்கு எண்பது வெள்ளி. வாரா வாரம் பாத்துக்கலாம்."

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "எண்பதுதானே? ஓகேலா. வேலைய ஆரம்பிம்மா."

எண்பதுதானே! நான் அந்தச் செய்தியைச் செல்வாவுக்குப் போட்டுக் காட்டினேன். "பாத்தியா? யோசிக்கக்கூட இல்ல. நூத்திருபது கேட்டுருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "பேராசப்படாத" என்று செல்வா சிரித்தான். அவனுக்கும் சந்தோஷம்தான், அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

வேலை தொடங்கியது. மவுரீன் அக்கா மாற்றம் கேட்பதில் சுங்கை பஞ்சாங்காரரையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். பிரியாணிப் படத்தைப் பெரிதாக்கு என்பார். பெரிதாக்கினால், "கோழி ஏன் இப்படி முழிக்குது?" என்பார். ஆர்டர் வந்தால் சர்ச் மணி மாதிரி டாங் டாங் என்று அடிக்க வேண்டும் என்றார். அடிக்க வைத்தேன். இன்னும் சத்தமாக என்றார். முன்பென்றால் நான் பல்லைக் கடித்திருப்பேன். இப்போது எனக்கென்ன? ஒவ்வொரு மாற்றமும் காசு. "மாத்துங்கக்கா, தாராளமா மாத்துங்க! வேற என்ன வேணும்?" என்று தேன் ஒழுகப் பேசினேன்.

"இப்படிப் பொறுமையான பிள்ளைய நான் பாத்ததே இல்ல" என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாராம். இதைக் கேட்டு செல்வாவுக்குப் புரை ஏறிவிட்டது.

இன்னொரு பக்கம் மணி அண்ணன் சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டு வாசலில் லோரியை நிறுத்த ஆரம்பித்தார். ஒரு வாரம் ஒரு பை நிறைய கெராங் சிப்பி. அடுத்த வாரம் உயிரோடு நண்டு. அதற்கடுத்த வாரம் என் உள்ளங்கை நீளத்துக்கு இறால்.

"எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று கேட்டால், "ஒன் நல்ல மனசுக்குத் தங்கச்சி. யாரு இந்தக் காலத்துல இப்படி நெனச்சுப் பாப்பா?" என்று கண் கலங்குவார். ஒரு போனைச் சரிசெய்ததற்கா இவ்வளவு என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் இறாலைப் பார்த்த பிறகு யார் கேள்வி கேட்பார்கள்? செல்வா மிளகாய் அரைக்கப் போய்விட்டான்.

வாரா வாரம் என்று சொன்னேனே தவிர, வேலை மும்முரத்தில் நான் பில் அனுப்பவே இல்லை. எல்லாம் முடிந்து, பக்கம் ஓட ஆரம்பித்த பிறகு, அமண்டாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் காலை, ஒரேயடியாகக் கணக்குப் போட்டு அனுப்பினேன். அறுபது மணி நேரம். நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி. அனுப்பிவிட்டு, அமண்டாவுக்கு 'வரவில்லை' என்று எப்படி நாகரிகமாகச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே தேத்தண்ணி கலக்கினேன்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் போன் வந்தது. மவுரீன் அக்காவின் குரலே மாறியிருந்தது.

"துளசி, நீ அனுப்பினது என்னாது இது?"

"பில்லுக்கா."

"நீ நேர்ல வா" என்று வைத்துவிட்டார்.

ஜெராம் போய்ச் சேருவதற்குள் எனக்குள் ஆயிரம் எண்ணம். உள்ளே நுழைந்தால் அக்கா கைகட்டி நின்றார். பின்வாசலில் மணி அண்ணன் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார்.

"வாரா வாரம் எண்பது வெள்ளி குடுத்துக்கிட்டுத்தானே வாறேன். இப்ப திடீர்னு நாலாயிரம்னு வந்தா என்ன அர்த்தம்? என்னைய பாத்தா இளிச்சவாய் மாதிரி தெரியுதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எண்பது வெள்ளியா? ஒரு காசு எனக்கு வரலக்கா! யார்கிட்ட குடுத்தீங்க?"

"நீ யார்கிட்ட குடுக்கச் சொன்னியோ அவர்கிட்டதான்!"

"நான் யார்கிட்டயும் குடுக்கச் சொல்லல!"

"பொய் சொல்லாத பிள்ள. வாயால சொன்னத நான் அழிக்காம வச்சிருக்கேன்" என்று அக்கா போனை எடுத்துத் தட்டினார். என் குரலே சமையலறை முழுக்கக் கணீரென்று கேட்டது. *அக்கா, மணிக்கு எண்பது வெள்ளி. வாரா வாரம் பாத்துக்கலாம்.*

"கேட்டுக்கிட்டியா? மணிக்கு எண்பது வெள்ளி. நான் மணிக்குக் குடுத்தேன்."

நான் மணி அண்ணனைப் பார்த்தேன். மணி அண்ணன் ஐஸ் கட்டியோடு அப்படியே நின்றார். கட்டியிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது.

"ஐயோ! அது நேரம்க்கா! ஒரு மணி நேரத்துக்கு எண்பது வெள்ளி!"

"நேரமா?" அக்கா வாயில் கை வைத்தார். "நான் என்னா நெனச்சேன்? நீ பொம்பளப் பிள்ள, என்கிட்ட நேரா காசு வாங்கக் கூச்சப்படுற, மணிகிட்ட குடுத்தா ஒன்கிட்ட சேரும்னு நெனச்சேன். வாரத்துக்கு எண்பது, நல்ல மலிவா இருக்கேன்னு ஒன்னய பத்தி சர்ச் ஃபாதர்கிட்ட வேற சொல்லி வச்சிருக்கேன்!"

"அண்ணே, நீங்க என்ன நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

மணி அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா காச நீட்டி, 'துளசி குடுக்கச் சொல்லிச்சு'ன்னாங்க. வேல புடிச்சுக் குடுத்ததுக்கு நீதான் எனக்கு கமிஷன் ஏற்பாடு பண்ணியிருக்கன்னு நெனச்சேன் தங்கச்சி. மனசு கேக்காம, அதுல பாதிக்கு மேல ஒனக்கே கெராங்கும் நண்டும் வாங்கியாந்தேன்."

ஆக, என் சம்பளத்தை நானே மிளகாய் போட்டுப் பிரட்டித் தின்றிருக்கிறேன். முதலில் சிரித்தது அக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்பு மேடையில் சாய்ந்துவிட்டார். மணி அண்ணன், "நான் திருப்பிக் குடுத்துடறேன்லா, சத்தியமா" என்று சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து ஓய்ந்ததும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

"துளசி, கோவிச்சுக்காத. நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி என்கிட்ட இல்ல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் இந்த வேலைய ஆரம்பிச்சிருக்கவே மாட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மரியாதை போய்விடும் என்று கோபத்தைப் பிடித்துக்கொண்டேன். "அறுபது மணி நேரம் ஒழைச்சிருக்கேன்க்கா. சும்மாவா?"

"ஒழைச்ச. நான் இல்லங்கல. ஆனா நான் அத எங்க பாத்தேன்? மணிக்கணக்குல காசு குடுக்கணும்னா நான் தோட்டத்து மண்டோர் மாதிரி மேற்பார்வ பாத்துக்கிட்டு ஒன் பின்னாடியே நிக்கணும். ஆட்டுக்கறி எத்தன மணி நேரம் வெந்துச்சுன்னா நான் காசு கேக்குறேன்? தலைக்கு இவ்வளவுன்னுதான கேக்குறேன்."

"சரி, கல்யாணத்துக்கு மொத நாள் வந்து, ஆட்டுக்கறி வேணாம், நண்டு போடுங்கன்னு ஒருத்தர் சொன்னா?"

"சொல்லுவாங்களா? அறுத்துருவேன்! கூடக் காசு வச்சாதான் நண்டு."

"நீங்க என்கிட்ட எத்தன தடவ நண்டு கேட்டீங்க? அந்தக் கோழி முழிக்குதுன்னு மட்டும் அஞ்சு தடவ!"

அக்கா இடுப்பில் கை வைத்தார். "நீதானேடி தாராளமா மாத்துங்கன்ன?"

காசு ஏறுகிறது என்ற குஷியில் நான்தான் கேட்டுக் கேட்டு மாற்றினேன். அவருக்கு இலவசம் என்ற குஷி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குஷியாக இருந்து அறுபது மணி நேரத்தை ஓட்டியிருக்கிறோம். நான் பையைத் தோளில் மாட்டினேன். வெளியே போய்க் காரில் உட்கார்ந்து அமண்டாவுக்கு 'வருகிறேன்' என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் மேசைமேல் இருந்த அக்காவின் போன் டாங் டாங் என்று அலறியது. மணி அண்ணன் துள்ளிவிட்டார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உலு யாம்லேருந்து. கல்யாணம். எழுநூறு பேரு. முன்பணமும் கட்டியாச்சுன்னு போட்டுருக்கு." அவர் நிமிர்ந்தார். "உலு யாம்ல எனக்கு ஒரு ஈ காக்கா தெரியாதே! இவங்க எப்படி என்னய கண்டுபுடிச்சாங்க?"

"தேடியிருப்பாங்க, ஒங்க பக்கம் வந்துருக்கும். நீங்க என்கூட சண்ட போட்டுக்கிட்டு இருக்கையில ஆர்டர் எடுத்துருக்கு" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் காலால் தள்ளினார். "உக்காரு. இப்படிப் பேசுவோம். இந்தப் போன் வழியா வர்ற தலைக்கு அம்பது காசு ஒனக்கு. எழுநூறு தலைன்னா முன்னூத்தி அம்பது."

"ஒரு வெள்ளி."

"கொள்ளையடிக்கிறியா?"

"முதல் வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கா. அதுக்கப்புறம் அம்பது காசு. இதுவரைக்கும் ஒழைச்ச அறுபது மணி நேரமும் அதுக்குள்ளேயே போகட்டும். இனிமே மாத்தம் வேணும்னா, மொதல்ல விலை, அப்புறம்தான் கை வைப்பேன். கோழி எப்படி முழிச்சாலும் சரி."

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டார். நானும் போட்டேன். அவர் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்குச் சமைக்கிறவர். அவ்வளவும் இதன் வழியாக வந்தால் கோலாலம்பூர்ச் சம்பளத்தில் பாதிக்குக் கிட்டே வரும். இன்னும் ஓரிரு பேருக்கு இப்படிச் செய்தால் போதும். ஆனால் வந்தால்தான். என் பயத்தை அப்படியே கேட்டுவிட்டேன்.

"தலை வரலேன்னா எனக்கு ஒண்ணுமில்லையேக்கா?"

"தலை வரலேன்னா எனக்கு மட்டும் என்னா இருக்கு?" என்றார் மவுரீன் அக்கா. "சேந்து பட்டினி கெடப்போம்."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சம்மதிக்க வைத்தது. சுங்கை பஞ்சாங்கில் காலம் நீண்டால் எனக்கு மட்டும் நஷ்டம். மணிக்கணக்கில் காலம் நீண்டால் அக்காவுக்கு மட்டும் நஷ்டம். இதில் ஒருத்தி சாப்பிட்டால் இன்னொருத்தியும் சாப்பிடுவாள். "சரிக்கா" என்றேன். இந்த முறை இரண்டு பேரும் சொன்னதை எழுதி, உரக்கப் படித்து, மணி அண்ணனைச் சாட்சியாக நிற்க வைத்துக் கையெழுத்துப் போட்டோம். அவர் வாங்கிய காசை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. பதிலுக்கு லோரியின் இரண்டு பக்கமும் மவுரீன் அக்காவின் இணைய முகவரியைப் பெரிதாக எழுதி ஒட்டுவதாக அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது செல்வா வேலை முடிந்து வந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன். நண்டு விஷயத்தில் வெடித்துச் சிரித்தான். நான் போனை எடுத்து, அவன் எதிரிலேயே அமண்டாவுக்கு எழுதினேன்: கூப்பிட்டதற்கு நன்றி, நான் வரவில்லை. அனுப்பிவிட்டு அவனிடம் காட்டினேன்.

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். சட்டியை வைத்துவிட்டு, சோப்பு நுரைக் கையோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் அழுது நான் பார்த்ததே இல்லை.

"டேய், என்னடா?"

"நாலு வருஷம் துளசி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ காடிய எடுத்துக்கிட்டுப் போனப்புறம் இந்த வீட்டுக்குள்ள வர எனக்குப் புடிக்காது. ஆலைக்குப் போயி சும்மா ஒக்காந்துருப்பேன்."

"இத நீ ஒரு நாளும் சொன்னதே இல்லையே!"

"சொன்னா நீ மறுநாளே வேலைய விட்டுட்டு வந்துருவ. அப்புறம் காசு இல்லாதப்ப எல்லாம், ஒன்னாலதான்டான்னு என்னைய திட்டுவ."

திட்டியிருப்பேன். என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்த நுரைக் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.